லேப்டாப் ஃபைல் பிஸ்டனைப் பலப்படுத்தாது

எஞ்சின் உடைந்து எங்களிடம் வந்த கார்களில், போன வாரம் வந்தது இந்த வருடத்தின் ஐந்தாவது. 2019 மஸ்டாங் ஜிடி, பத்து கியர் ஆட்டோமேட்டிக், மேலே ஒரு சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. டோ ட்ரக்கிலிருந்து இறக்கும்போதே ஆயில் சொட்டியது. ஓனர் டல்லாஸில் ஐடி வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன். "அண்ணா, வேற எதையும் தொடல. ஃபைல் மட்டும்தான் மாத்தினேன்" என்றான். ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள், வார்த்தை மாறாமல். ஃபைல் என்றால் ட்யூன்: எவ்வளவு எரிபொருள், எப்போது ஸ்பார்க் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு.

ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தோம். ஒரு பிஸ்டனின் ஓரம், ரிங் உட்காரும் இடத்தில், பிஸ்கட்டைக் கடித்ததுபோல் உடைந்திருந்தது. சிலிண்டர் சுவரில் விரல் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல். அந்த எஞ்சினை இனிமேல் பழுது பார்ப்பது வீண். புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

டல்லாஸ் பக்கம் ஒரு பெர்ஃபாமன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் எல்லாவற்றையும் டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம்) தயார் செய்வதுதான் என் சோறு. ஆகவே மாடிஃபை செய்யாதே என்று சொல்ல வரவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் என் சண்டை.

பையனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்சார்ஜர் கிட்டோடு வந்த ட்யூன் 93 ஆக்டேன் பெட்ரோலுக்கானது. ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. (இந்த 93 அமெரிக்கக் கணக்கு. இந்தியாவில் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு முறையில் அளப்பது. அந்தக் கணக்கில் இது 98-ஐ ஒட்டி வரும். ஊரில் இருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்புறம் ஆன்லைனில் அறிமுகமான ஒருவர், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் சக்கரத்துக்குப் பதிலாகச் சின்ன புல்லி ஒன்றை மாட்டச் சொல்லி (முதலில் பையன் இதைச் சொல்லவே இல்லை), இ85-க்கு என்று ஒரு ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கிறார். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் பம்ப் பழையதேதான். ரேஸ் ட்ராக்கில் மூன்றாவது ஓட்டம், நாலாவது கியர், கோட்டைத் தாண்டும் நேரத்தில் புகை.

இ85 என்றால் பெரும்பகுதி எத்தனால். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 பங்கு காற்று போதும், இ85-க்கு 9.8 பங்கு காற்றுதான். அதாவது அதே காற்றுக்கு, எடைக் கணக்கில், சுமார் 50 சதவீதம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். சின்ன புல்லி மாட்டினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றி, காற்றையும் கூடுதலாகத் திணிக்கும். காற்றும் கூடி, எரிபொருள் தேவையும் கூடிய பிறகு, பழைய பம்ப் எங்கே போகும்? மேல் ஆர்பிஎம்மில் எரிபொருள் பிரஷர் விழுந்தது, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் கலவை வறண்டது. மிச்சம் கேமராவில் தெரிந்தது.

சரி, இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். படித்த பையன். ஆனால் அவன் மண்டையில் வேறொன்று ஆழமாகப் பதிந்திருந்தது. எனக்கு எரிச்சல் மூட்டுவதும் அதுதான்: "கம்பெனிக்காரன் பவரை ஒளிச்சு வெச்சிருக்கான், ட்யூன் அதைத் திறந்து விடுது."

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2015 மாடலாக டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் வந்தபோது இரண்டு சாவி கொடுத்தார்கள். கறுப்புச் சாவி போட்டால் 500 குதிரைத்திறன், சிவப்புச் சாவி போட்டால் முழு 707. பார்த்தவர்கள் எல்லோரும், ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு சிவப்புச் சாவி ஒளிந்திருக்கிறது, லேப்டாப் வைத்திருப்பவன் அதை எடுத்துக் கொடுப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐயா, அந்த 707-க்குத் தேவையான பிஸ்டன், பம்ப், கியர்பாக்ஸ் எல்லாம் ஏற்கெனவே காரில் இருந்தது. கறுப்புச் சாவிதான் குறைத்தது. சிவப்புச் சாவி எதையும் புதிதாகக் கூட்டவில்லை.

அதே டாட்ஜ் 2018 மாடலாக, சேலஞ்சரிலேயே டீமன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே 6.2 லிட்டர் ஹெமி எஞ்சின், 808 குதிரைத்திறன். 707-இலிருந்து 808-க்குப் போக என்ன செய்தார்கள்? ஃபைலை மட்டும் மாற்றினார்களா? 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜரைக் கழற்றி 2.7 லிட்டர் வைத்தார்கள். பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் பலமானவை. எரிபொருள் பம்ப் ஒன்றுக்கு இரண்டு. பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் தடிமன் கூடியது. ஏசி வாயுவை வைத்தே சூப்பர்சார்ஜர் காற்றைக் குளிர்விக்க ஓர் ஏற்பாடு வேறு. பவரை ஒளித்து வைத்ததாக நீங்கள் சொல்லும் அதே கம்பெனி, நூறு குதிரைத்திறன் கூட்ட இவ்வளவு இரும்பை மாற்றியிருக்கிறது. நம் பையனுக்கு ஒரு மெயில் போதுமாம்.

கம்பெனி ட்யூனில் இடைவெளி விட்டிருப்பது உண்மை. அதைச் சும்மா விடவில்லை. டெத் வேலி வெயிலில், மட்டமான பெட்ரோலில், டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வாரண்டி முடியும்வரை ஓட வேண்டும். பெட்ரோல் சரியில்லாமல் எஞ்சினுக்குள் கல்லால் தட்டுவதுபோல் சத்தம் வந்தால், சென்சார் கேட்டு, ஸ்பார்க்கைப் பின்தள்ளி, பவரைக் குறைக்கும். கியர் மாறும்போது ஒரு நொடித் துணுக்குக்கு டார்க்கை (எஞ்சினின் சுழற்றும் விசை) குறைப்பதும் கியர்பாக்ஸுக்காகத்தான். இதையெல்லாம் "சோம்பேறி ட்யூன்" என்று சொல்லி நீக்கிவிட்டு ஒருவர் ஃபைல் விற்கிறார். நீங்கள் வாங்குவது பவர் இல்லை. காப்பீட்டை ரத்து செய்து, அந்தப் பிரீமியத்தைச் சம்பாத்தியம் என்று எண்ணிக்கொள்வதுபோல்தான் இது.

இன்னொரு முறை சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை: ட்யூன் என்பது கட்டளை. பாகம் இல்லை. நல்ல ட்யூனர் கையில் அது அருமையான விஷயம். ஆனால் அவர் முதலில் உங்கள் பம்ப், இன்ஜெக்டர், பிளக் எல்லாம் என்னவென்று கேட்பார், ஓட்டத்தின்போது சென்சார்கள் பதிந்த டேட்டாலாகை அனுப்பச் சொல்லுவார், பார்த்த பிறகு திருத்துவார். கேள்வியே கேட்காமல் ஃபைல் அனுப்புபவர் உங்கள் காரைப் பார்த்ததும் இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. அதுவும் இந்த மஸ்டாங் எஞ்சினின் கம்ப்ரஷன் 12-க்கு 1, அதாவது உள்ளே வரும் கலவையைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அழுத்தும். அதன் மேல் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தையும் (பூஸ்ட்) வைத்து விளையாடுவது தெரிந்தவர்கள் செய்யும் வேலை.

இ85 பற்றி இன்னும் ஒன்று. பங்கில் இ85 என்று எழுதியிருந்தால் உள்ளே 85 சதவீதம் எத்தனால் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 51 முதல் 83 சதவீதம் வரை எது இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். குளிர்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று எத்தனாலைக் குறைப்பார்கள். 83-ஐ நம்பி ஸ்பார்க்கை முன்தள்ளிய ட்யூனுக்கு 55 ஊற்றினால், முன்பு சொன்ன அதே கல்லால் தட்டும் சத்தம்தான் வரும். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், கொஞ்சம் தண்ணீர், குலுக்கிப் பார்த்தால் எத்தனால் அளவு தெரிந்துவிடும். அந்தக் கருவியின் விலை நீங்கள் பீட்சாவுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. தயவுசெய்து வாங்குங்கள்.

அப்படியானால் முதலில் எதில் காசு போடுவது? டயர். கேட்டவுடன் எல்லோர் முகமும் தொங்கிவிடும். டயர் வாங்கினேன் என்று வீடியோ போட முடியாது அல்லவா. அதே ஹெல்கேட் சாதாரண டயரில் குவார்ட்டர் மைலை 11.2 நொடியில் ஓடியது. டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கென்று செய்த, நன்றாகப் பிடிக்கும் டயர்) மாட்டியதும் 10.8. குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடவில்லை. டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) பெரிய எண் வாங்கிய கார்கள், கிறிஸ்துமஸ் மரம் என்று நாங்கள் சொல்லும் ஸ்டார்ட் விளக்குக் கம்பத்தில் பச்சை விழுந்ததும் நின்ற இடத்திலேயே புகைவதை வாராவாரம் பார்க்கிறேன். முதல் அறுபது அடியை எத்தனை நொடியில் தாண்டினீர்கள் என்று ஓட்டம் முடிந்ததும் ட்ராக்கில் தரும் தாளில் போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

2015 மாடல் முதல் வந்த மஸ்டாங்கில் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். பிடிமானம் வந்துபோய் வந்துபோய் சக்கரம் துள்ள ஆரம்பித்தால், அந்த அதிர்ச்சி ஷாஃப்டில் தொடங்கி எஞ்சினுக்குள் ஆயில் பம்ப் கியர்வரை போகும். துகள் உலோகத்தை அழுத்திச் செய்த கியர் அது. உடைந்தால் ஆயில் பிரஷர் இல்லை, அவ்வளவுதான். ஆகவே துள்ளல் ஆரம்பித்தால் காலை எடுங்கள். எடுத்து, வீட்டுக்கு வந்து, பின்பக்கப் புஷ்களையும் டேம்பரையும் சரி பண்ணுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரன்" என்று சொல்லாதீர்கள். நான் போடும் பாதிப் பில்கள் அந்த ஒரே ஒரு ரன்னில் வந்தவை.

டிராக் ரேடியலை மாட்டிக்கொண்டே மழையில் ஆபீஸ் போவதும் வேண்டாம். அதன் பள்ளங்களில் தண்ணீர் வெளியேற வழி ரொம்பக் குறைவு. ட்ராக்கில் டயர் காற்றைக் குறைத்துவிட்டு, அதே காற்றோடு ஹைவேயில் எழுபது மைலில் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். டிக்கியில் ஒரு சின்னக் கம்ப்ரஸர் வையுங்கள்.

இனி உயிர் சமாச்சாரம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி குவார்ட்டர் மைல் 13.99 நொடி அல்லது அதைவிட வேகம் என்றால் ஹெல்மெட். பழைய பொது விதியில் 11.49-இல் ரோல் பார் (கவிழ்ந்தால் காக்க, சீட்டுக்குப் பின்னால் போடும் இரும்புக் குழாய்), 9.99-இல் அல்லது மணிக்கு 135 மைலைத் தொட்டால் முழுக் கேஜ் (உங்களைச் சுற்றிலும் குழாய்க் கூண்டு). புது மாடல் கார்களுக்குத் தளர்வு உண்டு, ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற கம்பெனி அமைப்புகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தச் சலுகையைக் கேட்கக் கூடாது. எடை குறைக்கிறேன் என்று முதலில் ஏர்பேக்கில் கை வைப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். டீமன் 9.65 நொடியில் ஓடியது. கேஜ் இல்லாததால் ஷோரூமிலிருந்து வந்த நிலையில் அந்த வேகத்தில் என்எச்ஆர்ஏ ட்ராக்கில் ஓட அனுமதி கிடைக்கவில்லை. அதை விளம்பரமாக ரசித்தவர்கள், ஏன் அனுமதிக்கவில்லை என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. ரோல் பார் இல்லாமல் ஐந்து முனை பெல்ட்டை மட்டும் மாட்டுவது பாதுகாப்பு இல்லை. வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால், சாதாரண பெல்ட்டில் உடம்பு ஒருபக்கம் சாய இடம் இருக்கும். அந்தப் பெல்ட் உங்களை நேராக நிமிர்த்தி வைத்திருக்கும். அதேபோல் கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டுவது. உங்கள் தலைக்கு ஒரு சாண் தள்ளி இரும்புக் குழாய் இருக்கிறது. சின்ன இடி போதும். குழந்தையைப் பள்ளிக்கு அந்தக் காரில் கூட்டிப்போகிற ஒரு அப்பாவிடம் போன மாதம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

ட்ராக்கில் சாதாரண டயரோடு போனால், ரேஸ் டயர்களைச் சுழற்றிச் சூடாக்குவதற்காக ஸ்டார்ட் கோட்டுக்கு முன் தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிப் போங்கள். டயர் பள்ளத்தில் ஏறும் தண்ணீர் ஸ்டார்ட் கோடுவரை வந்து, பின்னால் வருபவனை வழுக்கிவிடும். எஞ்சின் சத்தம் மாறினால், புகை தெரிந்தால், உடனே ஓரமாக நிறுத்துங்கள். நம் பையன் பதற்றத்தில் கார்கள் நிற்கும் பிட்வரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பாதை நெடுக ஆயில். துடைத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று டிக்கெட் வாங்கி வந்த பலர் இரண்டாவது ரன் ஓடாமலே வீட்டுக்குப் போனார்கள்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி வீசுவது மத்திய சட்டப்படி குற்றம். டெக்சஸில் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்களே என்று ஒருவர் கேட்டார். டல்லாஸ் கவுண்டியில் புகைச் சோதனை அப்படியே இருக்கிறது. தெரு ரேஸ் பற்றி நான் பேசவே போவதில்லை. தெற்கே முக்கால் மணி நேரத்தில் எனிஸ் ஊரில் முழுக்கக் காங்கிரீட் போட்ட டிராக் ரேஸ் ட்ராக், மோட்டார்ப்ளெக்ஸ், 1986-இலிருந்து இருக்கிறது. ஆம்புலன்ஸ் நிற்கும், தீயணைப்பு ஆட்கள் நிற்பார்கள். அங்கே போய் ஓடுங்கள்.

பையனுடைய கார் இன்னும் லிஃப்டில்தான் நிற்கிறது. புது எஞ்சின் வர ஆறு வாரம் ஆகும். பம்ப், இன்ஜெக்டர், டயர் எல்லாம் இந்தமுறை பட்டியலில் முதலில் இருக்கின்றன; சின்ன புல்லியை நானே எடுத்து என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் இன்பாக்ஸிலும் இப்போது அப்படி ஒரு ஃபைல் கிடக்கிறது என்றால், ஏற்றுவதற்கு முன் பக்கத்தில் உள்ள நல்ல ஒர்க்‌ஷாப் யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பத்து நிமிடம் பேசுவதற்கு எங்களில் யாரும் காசு வாங்குவதில்லை.