கீசர் வால்வு சொட்டுதுன்னு டம்மி போட்டு அடைச்சிராதீங்க

போடில இருந்து மூணாறு, சின்னக்கானல் பக்கம் பிளம்பிங் வேலைக்கு போயிட்டு வர்ற ஆளு நான். மலைக்கு மேல வருசம் பூரா சுடுதண்ணி வேணும், டிசம்பர் ஜனவரியில செண்டுவாரை பக்கமெல்லாம் புல்லு மேல உறைபனியே விழும், அதனால வீடு, குவார்ட்டர்ஸ், ஹோம்ஸ்டேன்னு எங்க போனாலும் கீசர் இருக்கும். போற எடத்துல எல்லாம் கேக்குறது ஒரே பேச்சுதான், "அண்ணே, கீசர் அடியில இருக்க வால்வு சொட்டிக்கிட்டே இருக்கு, அத அடைச்சு விட்டுருங்க". மலையாளத்துக்காரங்க வீட்லயும் இதேதான், "சேட்டா, அதொந்நு அடச்சு தரணே". அத அடைக்கவே கூடாதுங்க.

அது சேஃப்டி வால்வு. பச்சத்தண்ணி உள்ள போற எடத்துல, சின்ன லிவரும் பக்கவாட்டுல ஒரு ஓட்டையுமா இருக்கும். தண்ணிய உள்ள விடும், சூடானத திரும்ப லைனுக்கு போக விடாது, உள்ள பிரஷர் ஏறுனா அந்த ஓட்ட வழியா வெளிய தள்ளும். தண்ணி சூடானா விரியும்ல, 25 லிட்டர் கீசர்ல 15 டிகிரி தண்ணிய 70 டிகிரிக்கு ஏத்துனா அரை லிட்டருக்கு மேலயே கூடும். திரும்பிப் போக வழியில்ல, டேங்கும் இரும்பு, அது எங்கதான் போகும்? சூடேறும்போது மட்டும் சொட்டிட்டு அப்புறம் நின்னுருச்சுன்னா வால்வு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், விட்டுருங்க.

ஒரு ஹோம்ஸ்டேல பாத்தேன், கெஸ்ட்டு வந்தா தரை ஈரமா இருக்குன்னு சொல்றாங்கன்னு யாரோ அந்த ஓட்டையில அரை இஞ்ச் டம்மிய, அதான் பைப் வாய அடைக்கிற மரை மூடிய, டெஃப்ளான் டேப் சுத்தி முறுக்கி, அது மேல எம்சீல் வேற பூசி வச்சிருந்தாங்க. கரண்ட ஆஃப் பண்ணி, நல்லா ஆறவிட்டு, உள் தண்ணிய மூடி, அப்புறம்தான் ஸ்பேனர் போட்டேன், அப்படியும் ரெண்டு மூணு மரை கழண்டதுமே டைல்ஸ் மேல பீச்சி அடிச்சிச்சு. ஆறுன தண்ணிக்கே அந்த வேகம். அந்த கீசர்ல தெர்மோஸ்டாட், அதான் சூடு போதும்னா கரண்ட நிறுத்துறது, நல்லா இருந்துச்சு, அதனால ஒண்ணும் ஆகல. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு, சூடு மீறுனா கரண்ட வெட்டுற கட்அவுட்டும் வேலை செய்யலைன்னா சூடாக்குற காயில் நிக்காம சுட்டுக்கிட்டே இருக்கும். மூணாறு ஒசரத்துல தொறந்த சட்டியில தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், ஆனா 8 பார் (பிரஷர அளக்குற கணக்கு) பிரஷர்ல அடைச்சு வச்சா 175 டிகிரி வரைக்கும் கொதிக்காம தண்ணியாவே இருக்கும். டேங்க் வெடிச்சு விட்டுச்சுன்னா அதுல ஒரு பங்கு அந்த நிமிசமே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி ஆயிரத்தி அறநூறு லிட்டருக்கு மேல ஆவியா விரியும். குக்கர்ல வெயிட்டையும் சேஃப்டி பிளக்கையும் சேத்து அடைச்சிட்டு அடுப்பு மேல வச்ச மாதிரிதான், அதுவும் தலைக்கு மேல, பாத்ரூம்ல.

சரி, கீசர் ஆஃப்ல இருக்கு, தண்ணி பச்சையாத்தான் இருக்கு, அப்பவும் ராத்திரி பகலா சொட்டுதுன்னா? அப்ப வேற விசயம். ஒண்ணு, வால்வு உள்ள மூடி உக்கார்ற சீட்டுல மண்ணோ உப்போ உக்காந்திருக்கும், லிவர ரெண்டு தடவ தூக்கி விட்டா சில நேரம் கழுவிட்டு நின்னுரும். இல்லைன்னா பிரஷர் ஜாஸ்தி. டேங்க் 10 மீட்டர் ஒசரத்துல இருந்தா 1 பார்னு கணக்கு, சமவெளியில மொட்ட மாடி டேங்க்ல இருந்து 1 பார் வர்றதே பெருசு, மலை மேல அப்படியில்ல, டேங்க் சரிவுல மேல எங்கயோ இருக்கும், வீடு அம்பது மீட்டர் கீழ இருக்கும், அதுக்கே 5 பார், அதோட சிலர் பிரஷர் பம்ப் வேற மாட்டிருப்பாங்க. இந்த மாதிரி எடத்துல எத்தன வால்வு மாத்துனாலும் சொட்டத்தான் செய்யும், மெயின் லைன்ல பிரஷர் குறைக்கிற வால்வு ஒண்ணு போடணும்.

சொட்டாம சர்ர்னு கொதிதண்ணியோ ஆவியோ வந்தா பாத்ரூமுக்குள்ளயே போகாதீங்க. வெளிய இருக்க எம்சிபிய, அதான் கரண்ட் போர்டுல இருக்க டிரிப் சுவிட்ச, எறக்குங்க. சுடுதண்ணி பைப்ப தொறந்து பாக்குற வேலை வேணாம், ஆவிதான் அடிக்கும். பல மணி நேரம் ஆறட்டும், அப்புறம் எலக்ட்ரீசியன கூப்புட்டு தெர்மோஸ்டாட்ட பாருங்க.

வால்வு மாத்துறது சில நூறு ரூபா சமாச்சாரம். ஆனா கீசர் ஸ்டிக்கர்ல போட்டுருக்க பிரஷரும் வால்வு மேல போட்டுருக்கதும் ஒத்துப்போகுதான்னு பாத்து வாங்குங்க, 6.5 பார் டேங்குக்கு 8 பார் வால்வு மாட்டுனா டேங்குக்கு காவலே இல்ல. எம்சிபி ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, கீசருக்கு தண்ணி வர்ற கேட் வால்வ மூடி, சுடுதண்ணி பைப்ப தொறந்து பிரஷர எறக்கிட்டு கழட்டணும், புது வால்வு மேல இருக்க அம்புக்குறி டேங்க் பக்கம் பாக்கணும். மாட்டுனதும் சுடுதண்ணி பைப்ப தொறந்து காத்து போயி தண்ணி ஒழுங்கா வந்த பிறகுதான் சுவிட்ச் போடணும், காலி டேங்க்ல காயில் எரிஞ்சிரும்.

தரை ஈரமாகுதுன்னா அந்த ஓட்டையில சூடு தாங்குற சிபிவிசி பைப் ஒண்ணு மாட்டி கீழ வரைக்கும் எறக்கி விடுங்க, நடுவுல குழாய், மூடி எதுவும் வேணாம், மேல் பாத்து வளைய விடவும் கூடாது. பைப் வாய் தரையில தண்ணி போற ஓட்டைய பாத்து இருக்கணும், குளிக்கிற ஆளு நிக்கிற பக்கம் இருக்கக் கூடாது.