பேட்டிங் ஸ்டான்ஸ் பயிற்சிக் கருவி: காலை வைப்பதற்கு முன்

பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ ஆடத் தொடங்கிய பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஸ்டான்ஸை, அதாவது நிற்கிற முறையைப் பழக ஒரு கருவி விற்கிறார்களே, வாங்கலாமா?" பேட்டிங் பயிற்சியாளராக என் பதில், வாங்கலாம் என்பதுதான். ஆனால் அது எதைக் கற்றுத் தரும், எதைக் கற்றுத் தராது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பாதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் வகை என்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

நிற்கும் நிலைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? பேட்டருக்கு நேரமே இல்லை, அதனால்தான். பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்தை எறிபவர், மிதித்து எறியும் ரப்பர் பலகையிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலத் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறிந்த பந்து பிளேட்டுக்கு வந்து சேர சுமார் 0.4 நொடி ஆகும். அதில் பேட்டைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 நொடி போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்துக்குள் பந்தைப் பார்த்து, எங்கே வரும் என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். முழங்கால் சரியாக மடங்கியிருக்கிறதா என்று அப்போது யோசிக்க முடியாது. கால், இடுப்பு, தலை எல்லாம் பிட்சர் கையைத் தூக்குவதற்கு முன்பே அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். அதைப் பழக்கத்தில் கொண்டுவரத்தான் இந்தக் கருவிகள்.

கடையில் கிடைப்பவற்றில் எளிமையானது, பாத அடையாளங்களும் பிளேட்டின் படமும் அச்சிட்ட மேட். அடுத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே வைக்கும் கம்பி அல்லது பலகை. கால் அகலத்தையும், முன் காலை, அதாவது பிட்சர் பக்கமிருக்கும் காலை, எவ்வளவு தூரம் எடுத்து வைக்கலாம் என்பதையும் அது காட்டும். கணுக்காலிலோ தொடையிலோ மாட்டும் இழுபட்டைகள் உண்டு. பின் பாதத்தை ஒரு சரிவுக் கட்டைக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ பொருத்தி வைக்கும் கருவிகளும் உண்டு. முதல் இரண்டும் இடத்தைக் காட்டுகின்றன. மற்றவை காலைப் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வேறுபாடுதான்.

ஒரு நல்ல ஸ்விங்கின்போது பின் பாதத்தை மட்டும் பாருங்கள். வலது கை பேட்டர் என்றால் அது வலது பாதம். நிற்கும்போது ஷூவின் லேஸ் பிளேட்டைப் பார்த்திருக்கும். முன் பாதம் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்ப ஆரம்பிக்கும், பின் குதிகால் மேலே எழும், பாதம் பெருவிரலுக்குக் கீழுள்ள சதையின் மேல் சுழலும். பந்தை அடிக்கும் கணத்தில் லேஸ் ஏறக்குறைய பிட்சரைப் பார்த்திருக்கும். சிலருக்கு அந்தக் கால் ஓரிரு அங்குலம் முன்னால் நகர்வதும் உண்டு. இது தவறில்லை, உடல் திரும்புவதற்கு வழிவிடும் அசைவு.

இப்போது அதே பாதத்தைக் கருவிக்குள் இறுக்கி வைத்து முழு வேகத்தில் சுழற்றச் சொன்னால் என்ன ஆகும்? மேலே இடுப்பு திரும்புகிறது, கீழே பாதம் திரும்ப மறுக்கிறது. ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் திருகினால் நடுவில் என்ன நடக்குமோ அதுதான் முழங்காலிலும் கீழ்முதுகிலும் நடக்கும். சுழல்வதற்கென்று அமைந்த மூட்டு இடுப்பு மூட்டுதான். முழங்காலும் கீழ்முதுகெலும்பும் அப்படிச் சுழல்வதற்கானவை அல்ல. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவிடக் கூடாது. பின் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவியை நான் நிற்பதற்கும், எடையைப் பின்னால் ஏற்றிப் பழகுவதற்கும் மட்டும் பயன்படுத்துகிறேன். சுழற்றும் நேரம் வந்தால் கால் வெளியே வந்துவிட வேண்டும்.

இழுபட்டைகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பேட்டரின் உடலை நோக்கி வரும் பந்து எந்த ஆட்டத்திலும் சகஜம். அப்போது முதுகைக் காட்டித் திரும்பவோ பின்னால் துள்ளவோ வேண்டும். கணுக்காலில் பட்டை மாட்டியிருக்கும் பிள்ளையால் அது முடியாது. ஆகவே கால் கட்டப்பட்டிருக்கும்போது டீ எனப்படும் தாங்கியின் மேல் அசையாமல் வைத்த பந்து போதும். எறிந்த பந்தும் வேண்டாம், இயந்திரம் வீசும் பந்தும் வேண்டாம். பெற்றோர் இந்த ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மேட் வாங்கிவிட்டீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் பாதங்கள் உங்கள் பிள்ளையின் பாதங்கள் அல்ல, ஒரு சராசரி உயரத்துக்குப் போட்டவை. அதனால் நான் பிள்ளையை முதலில் மேட்டில் ஏற்றுவதே இல்லை. வெறும் தரையில் நிற்கச் சொல்லி, மேலே ஒருமுறை குதித்து இயல்பாக இறங்கச் சொல்வேன். பாதங்கள் தோள்பட்டையைவிடச் சற்று அகலமாக, முழங்கால் லேசாக மடங்கி வந்து நிற்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வரைந்துகொள்வேன். எடை இரண்டு பாதங்களின் முன்பகுதியில் இருக்கிறதா என்று பார்க்க, குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை நுழைக்க முயல்வேன். குதிகால் தரையைத் தொட்டிருக்கலாம், ஆனால் தாள் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். தோளில் லேசாகத் தள்ளினால் தடுமாறக் கூடாது.

அடுத்தது பிளேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பது. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நின்ற இடத்திலிருந்து இடுப்பை வளைத்து பேட்டை நீட்டினால் அதன் நுனி பிளேட்டின் மறு விளிம்பைத் தாண்ட வேண்டும். கை நீளமும் பேட்டின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும்போது இந்தத் தூரமும் மாறத்தான் செய்யும். மேட்டில் அச்சிட்ட தூரத்தை அப்படியே நம்பி நின்றால், குட்டையான பிள்ளைக்கு பிளேட்டின் மறு ஓரமாக வரும் வெளிப்பக்கப் பந்து எட்டாது, உயரமான பிள்ளைக்கு உடல் பக்கமாக வரும் உட்பக்கப் பந்து கையை நெருக்கும்.

இதோடு எந்த மேட்டும் காட்டாத ஒன்று, கண். ஸ்டான்ஸில் நிற்கும் வலது கை பேட்டரிடம் இடது கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது கண்ணுக்கு பிட்சர் முழுதாகத் தெரிகிறாரா? மூக்கு மறைக்கிறது என்றால் தலை போதுமான அளவு திரும்பவில்லை, ஒற்றைக் கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். கழுத்து அவ்வளவு திரும்பாத பிள்ளைகளுக்கு முன் காலைச் சற்றுத் திறந்து, அதாவது பிளேட்டிலிருந்து விலக்கி, வைத்தால் சரியாகிவிடும். இப்படித் திறந்த ஸ்டான்ஸ், இரண்டு காலும் ஒரே கோட்டில் இருக்கும் நேர் ஸ்டான்ஸ், முன் கால் பிளேட்டை நெருங்கியிருக்கும் மூடிய ஸ்டான்ஸ் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்று பலரும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் இரண்டு கண்ணுக்கும் பிட்சர் தெரிவதும், முன் கால் கடைசியில் சரியான இடத்தில் வந்து ஊன்றுவதும்தான் முக்கியம்.

புகழ்பெற்ற பேட்டர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஜப்பானின் சடஹாரு ஓ, 1962 முதல் முன் காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்று அடித்தவர், மொத்தம் 868 ஹோம் ரன். ஸ்டான் மியூசியல் பாதங்களை நெருக்கி வைத்து, முதுகை முறுக்கி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். 3,630 ஹிட். ஜெஃப் பேக்வெல் கால்களை மிக அகட்டி, தாழ உட்கார்ந்தாற்போல் நிற்பார். 449 ஹோம் ரன். கால் ரிப்கன் ஜூனியர் ஸ்டான்ஸை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தவர், 3,184 ஹிட் அடித்தார். ஷோஹெய் ஒஹ்தானி 2018-ல் அமெரிக்காவுக்கு வந்ததும், பருவம் தொடங்குவதற்கு முன்பே, காலை உயரத் தூக்கும் பழக்கத்தை விட்டு முன் குதிகாலை மட்டும் லேசாக எழுப்பும் முறைக்கு மாறினார். தொடக்கத்தில் ஆளுக்கொரு விதமாக நின்றாலும், பேட் பந்தைத் தொடும் கணத்தில் எடுத்த படங்களை அடுக்கிப் பாருங்கள். முன் கால் உறுதியாக ஊன்றி, இடுப்பு திறந்து, தலை அசையாமல் பந்தின் மேல் இருக்கும். ஸ்டான்ஸ் என்பது இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கான வழி. அதற்காக ஓவைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பயிற்சியாளர் அரகாவாவோடு செய்த கடும் உழைப்பு இருந்தது.

சாஃப்ட்பால் ஆடும் பெண் பிள்ளைகளுக்கு பேஸ்பால் மேட்டைப் போட்டுப் பழக்குவதை நிறையப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. பெரிய பெண்களுக்கான வேகப்பந்து சாஃப்ட்பாலில் தூரம் 43 அடிதான். மணிக்கு 60 மைல் வேகப் பந்துகூட அங்கே சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். பந்து இடுப்புக்கு அருகிலிருந்து கிளம்புவதால் கண் பார்க்க வேண்டிய இடமும் கீழே. பேட்டர் நிற்கும் கட்டமும் வேறு: பேஸ்பாலில் 4 அடி அகலம், 6 அடி நீளம், சாஃப்ட்பாலில் 3 அடி அகலம், 7 அடி நீளம். நீளம் அதிகம் இருப்பதால் முன்னால் நகர்ந்து, கீழே இறங்கும் பந்தை இறங்குவதற்குள் அடிக்கலாம். எழும்பி வருவது போலத் தோன்றும் பந்தைக் கொஞ்சம் பின்னால் நின்று பார்க்கலாம். ஒரே இடத்தில் பாதம் அச்சிட்ட மேட் இந்தத் தேர்வையே பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு விதமான சிக்கல். பந்தின் பக்கம் நடந்துபோய் அடிக்கும் பழக்கம் அவர்கள் காலில் ஊறியிருக்கும். அவர்களுக்கு அடி வைக்கும் தூரத்தைக் காட்டும் பலகை உண்மையிலேயே நல்ல பலன் தருகிறது.

டீயை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மேட்டில் காலை ஒழுங்காக வைத்துவிட்டு, டீயை வயிற்றுக்கு நேராக நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் வரும் பந்தை அடிக்க வேண்டிய இடம் முன் பாதத்துக்கு நேராகவோ சற்று முன்னாலோதான். உட்பக்கப் பந்து இன்னும் முன்னால், வெளிப்பக்கப் பந்து கொஞ்சம் பின்னால். டீ பின்னால் இருந்தால், ஒழுங்கான ஸ்டான்ஸில் நின்று தாமதமாக அடிக்கத்தான் பிள்ளை பழகும்.

எவ்வளவு நேரம் மேட்டில் நிற்க வேண்டும்? குறைவாக. 1984-ல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அசைவுப் பயிற்சித் துறையில் இன்றும் பேசப்படுவது. ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் அழகாக வரும், திருத்தத்தை எடுத்துவிட்டால் சரிந்துவிடும் என்பது அதன் சாரம். மேட்டும் இடைவிடாமல் திருத்தம் சொல்லும் ஒரு பொருள்தான். ஆகவே நான் செய்வது: மேட்டில் நிற்கட்டும், பேட்டை நாலைந்து முறை சுழற்றட்டும், அப்புறம் வெளியே போய்ப் பிட்சரைப் பார்த்தபடி திரும்ப வந்து, கீழே பார்க்காமல் நிற்கட்டும். நின்ற பிறகு குனிந்து பார்த்து, எவ்வளவு தள்ளி நின்றிருக்கிறோம் என்று பிள்ளையே சொல்லட்டும். அடுத்த சுற்று வெறும் தரையில். பேசும்போதும் "முழங்காலை மடக்கு, முழங்கையைத் தூக்கு" என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லாமல், "பிட்சரின் தலைக்கு மேல் பந்தைத் திருப்பி அனுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். கவனத்தை உடல் மீது வைப்பதைவிட அசைவின் விளைவு மீது வைத்தால் நன்றாகக் கற்க முடிகிறது என்று அசைவுப் பயிற்சி ஆய்வாளர் கேப்ரியலே வுல்ஃப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பயிற்சிக் களத்தில் நானும் அதையே பார்க்கிறேன்.

மேட் வழுவழுப்பான தரையில் நழுவக் கூடாது. முன் கால் ஊன்றும் இடத்தில் மேட்டின் விளிம்பு வந்தால் பாதி உள்ளே பாதி வெளியே மிதித்துக் கணுக்கால் பிசகும். அதனால் அடி வைக்கும் திசையில் போதிய நீளம் இருக்கும் மேட்டாகப் பாருங்கள். ஆணி ஷூவோடு மேட்டில் நின்று சுழற்றக் கூடாது.

வளரும் பிள்ளை கீழ்முதுகில் வலி என்று சொன்னால், குறிப்பாகப் பின்னால் வளையும்போது வலித்தால், ஸ்டான்ஸைத் திருத்தி ஆடவைக்காதீர்கள். சுழலும் ஆட்டங்களில் இந்த வயதினருக்குக் கீழ்முதுகெலும்பில் அழுத்த முறிவு வருவதுண்டு. பேட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பேட்டின் அடிக்குமிழ் அழுத்தும் உள்ளங்கைப் பகுதியில், சுண்டுவிரல் பக்கம், விடாத வலி இருந்தாலும் அப்படியே. அங்கே இருக்கும் கொக்கி வடிவச் சிற்றெலும்பு முறிவது பேட்டர்களுக்குத் தெரிந்த காயம்தான்.

கடைசியாக, உயரம் கூடும் வயதில் சாக்பீஸ் கோடுகளை அவ்வப்போது புதிதாக வரையுங்கள். போன வருடத்து அகலம் இந்த வருடக் காலுக்கு ஒத்துவராது. மேட் இன்னும் தேவையா என்று தெரிய, பேட்டரின் நெஞ்சுக்கு நேரெதிரே, பிளேட்டின் மறு பக்கத்திலிருந்து, போனில் இரண்டு வீடியோ எடுங்கள்: மேட்டில் ஒன்று, ஓரிரு நாள் இடைவெளி விட்டு வெறும் தரையில் ஒன்று. பாதங்களின் அகலமும், முன் கால் ஊன்றும் இடமும், தலையின் உயரமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மேட்டைச் சுருட்டி வைத்துவிட்டு எறிந்த பந்துக்குப் போகலாம்.