பழுதைக் கடந்து இரட்டிக்கும் கலங்கள்: பிள்ளையின் முகப் புள்ளிகளை ஏன் காட்ட வேண்டும்?

“வெயிலிலை நிண்டாலும் பிள்ளைக்குத் தோல் எரியிறதில்லை டொக்டர், புள்ளிதான் கூடிக்கொண்டு போகுது” என்று யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் தோல் நோய்க் கிளினிக்கில் சொல்லும்போது, எரியவில்லை என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

வெயில் படும் தோலில் புள்ளிகளையும் இளவயதிலேயே புற்றுநோயையும் தரும் சீரோடேர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோயில், கழியூதாக் கதிரால் டி.என்.ஏ.யில் விழும் பழுதைக் கலங்களால் நீக்க முடிவதில்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஆயினும் இந்நோயாளர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பழுதுநீக்கம் சரியாகவே நடக்கிறது. அவர்களிடம் குறைவது பழுதைத் தாங்கிக்கொண்டு டி.என்.ஏ.யை இரட்டிக்கும் ஆற்றல்.

வெயில் படும்போது டி.என்.ஏ.யின் எழுத்துகளான நான்கு மூலங்களுள் ஒன்று தைமின்; அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இவற்றை வெட்டி நீக்கப் பல மணித்தியாலங்கள் செல்லும். அதற்குள் கலம் இரட்டிப்பைத் தொடங்கிவிட்டால், எஞ்சிய பிணைப்புக்கு முன், டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் வழமையான பொலிமரேசு நொதியம் நின்றுவிடும், ஏனெனில் அதன் வினைமையம் ஒரு நேரத்தில் ஒரு மூலத்துக்கு மட்டுமே இடங்கொடுக்கும் அளவுக்கு ஒடுக்கமானது. அப்போது ராட்18 என்ற புரதம், டி.என்.ஏ. இழையைச் சுற்றியுள்ள பி.சி.என்.ஏ. என்ற புரத வளையத்தில் யுபிகுயிற்றின் என்ற சிறு புரதத்தை ஒட்ட உதவுகிறது. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு பொலிமரேசு ஈற்றா என்ற வேறொரு நொதியம் வருகிறது. பிணைந்த இரு தைமின்களும் ஒருங்கே அமரக்கூடிய அகன்ற வினைமையம் அதற்கு உண்டு. எதிரே தைமினுக்குச் சோடியான மூலமாகிய அடெனின்கள் இரண்டைப் பிழையின்றி வைத்து, சற்றுத் தூரம் சென்றபின் விலகிவிடும். பழுது அப்படியே இருக்கும். அதை நீக்குவது பின்னர் நடக்கும் வேலை.

இந்த ஈற்றாவே மேற்சொன்ன நோயாளர்களிடம் இல்லை என்பது 1999இல் தெரியவந்தது. அதன் இடத்தில் பிழைவிடும் வேறு பொலிமரேசுகள் வேலை செய்ய, ஒவ்வொரு வெயிலுக்கும் விகாரங்கள், அதாவது டி.என்.ஏ.யில் நிலைத்துவிடும் எழுத்துப் பிழைகள், சேர்கின்றன. வெயில் எரிவு மற்றவர்களுக்குப் போலவே இருப்பதால் யாரும் ஐயப்படுவதில்லை. தோற்புற்றுநோய் இளவயதில் தோன்றும்போதுதான் பலரில் நோய் வெளிப்படுகிறது.

பரிசோதிக்கும்போது முதலில் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்ப்பேன். மூக்கின் மேலும் கன்னங்களிலும் புறங்கையிலும் அளவொவ்வாத கபிலப் புள்ளிகள் நெருங்கியிருக்க, சட்டை மறைத்த இடம் தெளிவாக இருந்தால், காரணம் வெளிச்சம். எங்கள் மாநிறப் பிள்ளைகளுக்குச் சிறுவயதில் இத்தகைய புள்ளிகள் வழமையல்ல. வெளிச்சத்தில் கண் கூசிச் சிவப்பதும் கவனிக்க வேண்டியதே. தயவுசெய்து இதற்கு வெள்ளையாக்கும் கிறீம் பூசிக் காலத்தைக் கடத்தாதீர்கள். புள்ளி மங்கினாலும் விகாரம் மறையாது.

நோய் உறுதியானால் நீண்ட கைச்சட்டை, அகன்ற தொப்பி, கழியூதாவைத் தடுக்கும் கண்ணாடி, சன்ஸ்கிறீன் ஆகியவை முகிலான நாளிலும் தேவை. பாடசாலை வானின் சாதாரண யன்னற் கண்ணாடி கழியூதா ஏ கதிரை உள்ளே விடும். மைதானப் பாடங்களை மாற்றும்படி அதிபரிடம் கேளுங்கள், வைத்தியர் கடிதம் தருவார். வெயில் படாததால் விற்றமின் டி குறையும், அதையும் ஈடுசெய்ய வேண்டும்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள பரம்பரையலகு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் வாய்ப்புக் கூடுதல். ஒரு பிள்ளைக்கு இருந்தால் ஒவ்வொரு சகோதரத்துக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. புள்ளி இல்லாத தங்கச்சியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.