மனச்சாட்சி மறுப்பு மனு ஏன் தள்ளுபடியாகிறது?

"கொல்லாதே என்கிறது என் வேதம், ஆகவே படையில் சேர மாட்டேன்." கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு கேட்கும் மனுக்கள் பலவும் இந்த ஒரு வரியைத்தான் வேத வசனங்களால் நிரப்பி மூன்று பக்கமாக்கியிருக்கும். மதம் என்ன சொல்கிறது என்பது விசாரிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். மனுதாரர் அதை எப்போது, எதனால் தமதாக்கிக்கொண்டார், அதன்பின் அவர் நடப்பில் என்ன மாறியது என்பதைத்தான் விசாரிப்பவர் தேடுவார்.

குவேக்கர், மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபைகள் நூற்றாண்டுகளாகப் போரை மறுத்தவை. அங்கே உறுப்பினராக இருப்பது உதவும். ஆனால் அதுவே சான்றாகிவிடாது. மறுபக்கம், உங்கள் மதத்தினர் ஆயிரக்கணக்கில் படையில் இருந்தாலும் உங்கள் மனு செல்லும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இல் சீகர் வழக்கிலும் 1970இல் வெல்ஷ் வழக்கிலும் இன்னும் ஒரு படி மேலே போனது: கடவுள் நம்பிக்கை கூடக் கட்டாயமில்லை, மதத்துக்கு இணையான ஆழம் கொண்ட அறநம்பிக்கை போதும்.

பெரும்பாலோர் வழுக்குவது வேறோர் இடத்தில். "இந்தப் போர் அநியாயமானது" என்று எழுதிவிடுகிறார்கள். 1971இல் கில்லெட், நெக்ரே என்ற இருவரின் வழக்குகளை அதே நீதிமன்றம் சேர்த்து விசாரித்தது. நெக்ரே கத்தோலிக்கர். நியாயமான போர், அநியாயமான போர் என்று பிரித்துப் பார்க்கும் கோட்பாட்டின்படி வியட்நாம் போரை மட்டும் மறுத்தார். அவருடைய உண்மைத்தன்மை மீது யாருக்கும் சந்தேகமில்லை, ஆனாலும் தோற்றார். எல்லாப் போரையும் மறுப்பவருக்கே சட்டம் விலக்குத் தருகிறது என்றது தீர்ப்பு. மதத்தை நுட்பமாகக் கற்றவரே இதில் மாட்டிக்கொள்வது விசித்திரம்தான். உங்கள் நிலைப்பாடு உண்மையிலேயே ஒரு போரைப் பற்றியது என்றால் அதைப் பொதுவான மறுப்பாக மாற்றி எழுதாதீர்கள்; விசாரணையில் இரண்டாவது கேள்விக்கே வெளிப்பட்டுவிடும்.

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: "உங்கள் தாயை ஒருவன் தாக்கினால் என்ன செய்வீர்கள்?" 1916இல் பிரிட்டனில் கட்டாய சேவைச் சட்டம் வந்தபோது தீர்ப்பாயங்கள் கேட்டதும் இதே மாதிரிதான். பதற்றத்தில் "கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்" என்று சொல்வது தேவையற்ற வீரம். யாரும் நம்ப மாட்டார்கள். தடுப்பேன் என்றே சொல்லலாம். ஒரு தாக்குதலைத் தடுப்பதும், உத்தரவின்பேரில் முன்பின் தெரியாதவரைக் கொல்லப் பயிற்சி எடுப்பதும் வேறு வேறு. அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. தென் கொரியாவில் அரசு வழக்கறிஞர்கள் மறுப்பாளர்களின் இணைய விளையாட்டுக் கணக்குகளையே துழாவி, துப்பாக்கிச் சுடும் விளையாட்டு ஆடினார்களா என்று பார்த்ததுண்டு. மனச்சாட்சியை இப்படி அளக்கலாமா என்பது தனி விவாதம். கேட்பார்கள் என்று தெரிந்து போவது நல்லது.

ஏற்கெனவே படையில் இருப்பவரின் பாதை வேறு. அமெரிக்க விதிப்படி ராணுவ மதகுரு, மனநல நிபுணர், விசாரணை அதிகாரி ஆகியோரை அவர் சந்திக்க வேண்டும். நம்பிக்கை படையில் சேர்ந்த பின்பு உறுதிப்பட்டதாக இருக்க வேண்டும். "சிறு வயதிலிருந்தே போரை வெறுத்தேன்" என்று அழுத்தத்துக்காகச் சேர்க்கும் வரி, "அப்படியானால் சேரும்போது ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வியில் மனுவைக் கவிழ்த்துவிடும்.

எதை மறுக்கிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சீருடை அணிந்து ஆயுதமின்றி மருத்துவப் பணி செய்வது ஒன்று. ராணுவத்துக்கு வெளியே மாற்றுச் சேவை மற்றொன்று. நாட்டுக்கு நாடு விலையும் மாறும். தென் கொரியாவில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் 2020இல் தொடங்கிய மாற்றுச் சேவை 36 மாதம், சிறைச்சாலைகளில் தங்கி வேலை. தரைப்படைச் சேவையோ 18 மாதம். சிங்கப்பூரில் மனச்சாட்சி அடிப்படையில் மாற்றுச் சேவை இல்லை. மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ராணுவத் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் ஆர்மீனியாவைச் சேர்ந்த பயாத்யான் வழக்கில் மறுப்புரிமையை ஏற்றுக்கொண்டது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவர் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

ஆவணங்களுக்கு வருவோம். ஜெர்மனியில் அரசியலமைப்பின் 4ஆம் பிரிவே இந்த உரிமையைத் தருகிறது. மனுவை ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தில் கொடுத்தாலும் முடிவெடுப்பது கொலோன் நகரிலுள்ள சிவில் அலுவலகம். அட்டவணை வடிவில் வாழ்க்கைக் குறிப்பும், மனச்சாட்சி முடிவின் காரணங்களை விவரிக்கும் சொந்த எழுத்தும் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நகலெடுக்காதீர்கள். அதே பத்திகளை அங்கே பல முறை படித்திருப்பார்கள். உங்களை நெடுநாள் அறிந்தவர்களின் கடிதங்களில் "நல்ல பிள்ளை" என்ற பாராட்டு பயன்படாது. எப்போது, எந்தச் சூழலில், எதைச் செய்ய மறுத்தீர்கள் என்று அவர்கள் நேரில் கண்டதை, தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அழைப்பாணை வருவதற்கு முன்பே எழுதிய கடிதங்களுக்குக் கனம் அதிகம்.

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆணை கைக்குக் கிடைத்த தேதியைக் குறித்துவையுங்கள்; ஜெர்மனியில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாதம்தான். ஆணை வந்த உறையையும் தூக்கி எறியாதீர்கள்.