வளவு இருக்க உள்முற்றம் எதற்கு?

காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். தங்கிய விடுதி ஒரு பழைய நகரத்தார் வீடு. கையில் கொடுத்த தாளில், 'காலை உணவு: நீதிமன்ற முற்றம்'. இட்லிக்கும் வாய்தா வாங்க வேண்டுமோ என்று பயந்துவிட்டேன். 'கோர்ட்யார்டு' கணினிக்குள் போய் இப்படி வெளியே வந்திருக்கிறது.

'கோர்ட்' லத்தீனின் 'கோஹோர்ஸ்'. அடைத்த வெளி என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அரசவையாகி, அப்புறம் நீதிமன்றமானது. 'யார்டு' பழைய ஆங்கிலம். அதுவும் அடைத்த இடம்தான். (துணி அளக்கும் யார்டு வேறு சொல்.) ஆக, நம் 'நடுசென்டர்' மாதிரி ஒன்றையே இரண்டு தரம் சொல்லும் சொல்.

கணினியை மன்னிக்கலாம். கோர்ட்யார்டுக்கு மனிதர்களே யோசித்து எழுதும் 'உள்முற்றம்'தான் எனக்கு ஆகவில்லை. முற்றம் நல்ல தமிழ், சண்டையில்லை. ஆனால் கோலம் போடுகிற வாசலையும் முற்றம் என்பார்கள். அதனால்தான் 'உள்' என்று ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒட்டே தேவையில்லை. முகப்பு தாண்டினால் வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு. வளைத்துக் கட்டியது வளவு. வளையம், வளாகம் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். லத்தீன்காரன் நினைத்ததும் இதைத்தானே!

'கோர்ட்யார்டு திறந்தவெளி மட்டும்தானே, வளவில் சுற்றிலும் தாழ்வாரமாக ஓடும் பத்தி, தூண், அறைகள் எல்லாம் சேருமே' என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, விடுதிக்காரர் எங்கே இலை போட்டார்? மழைத்தண்ணீர் நாலு பக்க ஓட்டிலிருந்தும் கொட்டுகிற நடுவெளியிலா? பத்தியில்தான். அப்படியானால் தாளில் எழுத வேண்டிய சொல் வளவுதான். திருநெல்வேலியில் வளவு என்றால் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் இடம், யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றிய காணி என்பதும் தெரியும். எங்கே போனாலும் அந்தச் சுற்றி வளைத்தல் மாறவில்லை.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து அகராதியைப் புரட்டுகிறார்கள். எழுதப்போகிற வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் தாளை எழுதியவர் சமையற்கட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கையில், பரிமாற வந்த அம்மா சொன்னார்: "வளவுல இலை போட்டாச்சு, வாங்கண்ணே."