என்செலடஸ்: இறங்காமலே அறிந்த கடல்

சனிக் கோளைச் சுற்றிவரும் என்செலடஸ் என்னும் துணைக்கோளின் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். இவ்வளவு சிறிய உருண்டை தன் உள்வெப்பத்தை என்றோ இழந்து முற்றிலும் உறைந்திருக்க வேண்டும். ஆயினும், பூமிக்கு வெளியே உயிரைத் தேட எங்கே போகலாம் என்று கேட்டால், செவ்வாய்க்கும் வியாழனின் யூரோப்பாவுக்கும் முன்னால் நான் இதையே சொல்வேன்.

முதல் தடயம் ஒளிப்படத்தில் கிடைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் அருகே கடந்து சென்றபோது, சனியின் காந்தப்புலக் கோடுகள் என்செலடஸை ஒட்டி வளைந்து விலகுவதை அதன் காந்தமானி பதிவு செய்தது. வெறும் பனிப்பாறை காந்தப்புலத்தை இவ்வாறு வளைக்காது. மின்னூட்டம் பெற்ற வாயு இருந்தால்தான் வளைக்கும். காந்தமானிக் குழுவுக்குத் தலைமை வகித்த மிஷேல் டோஹர்ட்டி இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமென்று வலியுறுத்தியதால், அவ்வாண்டு ஜூலையில் விண்கலம் 173 கிலோமீட்டர் தொலைவுவரை சென்றது. தென்துருவத்தில் ‘புலி வரிகள்’ எனப்படும் நான்கு நீண்ட பிளவுகள் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருந்தன. அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் விண்வெளிக்குப் பீறிட்டன.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? அண்டையிலுள்ள டயோனி என்னும் துணைக்கோள் சனியை ஒருமுறை சுற்றும் நேரத்தில் என்செலடஸ் இருமுறை சுற்றிவிடுகிறது. இந்தத் தாளகதியில் டயோனி தரும் இழுப்பு, என்செலடஸின் பாதை முழுவட்டமாகிவிடாமல் தடுக்கிறது. ஆகவே ஏறத்தாழ 33 மணி நேரச் சுற்று ஒவ்வொன்றிலும் அது சனியைச் சற்றே நெருங்கிச் சற்றே விலகுகிறது. மாறிமாறி வரும் ஈர்ப்பு அதன் உடலைப் பிசைய, அந்த உராய்வே வெப்பமாகிறது. இந்த வெப்பத்தால் பனிக்கடியில் உறையாமல் இருக்கும் கடல் தென்துருவத்தில் மட்டும் தேங்கியிருக்கிறதா, முழுவதும் பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கு 2015-இல் விடை கிடைத்தது. பல ஆண்டு ஒளிப்படங்களை அளந்தபோது, மேலோட்டில் காணப்பட்ட சிறு ஊசலாட்டம், அது உட்பாறையோடு ஒட்டியிருந்தால் இருக்கக்கூடியதைவிட மிக அதிகமாக இருந்தது. பனி மேலோடு முழுவதும் நீரின்மேல் மிதக்கிறது என்பதே இதன் பொருள்.

துளையிடாமல், தரையிறங்காமல், பீறிடும் தாரைகளின் ஊடாகவே பறந்து காசினி அந்தக் கடலைச் சுவைத்துப் பார்த்தது என்பதுதான் இந்தக் கதையின் உண்மையான வியப்பு. பனித்துகள்களில் உப்பு இருந்தது. உப்பு நீருக்குள் வரவேண்டுமானால் நீர் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்செலடஸிலிருந்து வெளிவந்து சனியைச் சூழ்ந்த தூசியில் கிடைத்த மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள், கடலடியில் 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருப்பதைக் குறித்தன. 2015 அக்டோபரில் 49 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து எடுத்த அளவீடுகளிலிருந்து, தாரைகளில் ஹைட்ரஜன் வாயு இருப்பதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது.

நீரைவிட ஹைட்ரஜனே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூமியின் ஆழ்கடல் ஊற்றுகளில், சூரிய ஒளியே எட்டாத இடத்தில், ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து மீத்தேனாக்கி, அதில் பிறக்கும் ஆற்றலால் வாழும் நுண்ணுயிரிகள் உள்ளன. என்செலடஸின் தாரைகளில் இம்மூன்று வாயுக்களும் இருக்கின்றன. ஆனால் இதை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இலையில் பரிமாறிய சோறு அப்படியே இருந்தால், பந்தி தாராளமானது என்றும் கொள்ளலாம், உண்ண ஆளே வரவில்லை என்றும் கொள்ளலாம். மீத்தேனோ உயிரின் உதவியின்றிப் பாறை வேதிவினைகளாலும் உண்டாகக்கூடியது.

உயிருக்குத் தேவையான தனிமங்களுள் அரிதாகக் கிடைக்கும் பாஸ்பரஸ், பாஸ்பேட் வடிவில் அங்கிருப்பது காசினியின் பழைய தரவுகளிலிருந்தே 2023-இல் தெரியவந்தது. விண்கலம் அப்போது இல்லை. எரிபொருள் தீர்ந்துவரும் நிலையில், பூமியின் நுண்ணுயிரிகளை அந்தக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் ஆபத்தைத் தவிர்க்க, 2017 செப்டம்பர் 15 அன்று அதைச் சனியின் வளிமண்டலத்தில் செலுத்தி எரித்துவிட்டார்கள். அதன் வாயு ஆய்வுக் கருவி 99 டால்டன் நிறைவரையுள்ள மூலக்கூறுகளை மட்டுமே அளக்க வல்லது (ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை ஏறத்தாழ ஒரு டால்டன்). கடலைத் தேடுவதற்கென்று அது வடிவமைக்கப்படவும் இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2040-களில் அனுப்ப எண்ணியிருக்கும் கலம் அந்த எல்லையைத் தாண்டி, புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்கள் போன்ற பெரிய மூலக்கூறுகள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டியிருக்கும். வெறும் வேதிவினை எளிய மூலக்கூறுகளையே அதிகம் உண்டாக்கும், உயிரோ தனக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து பெருக்கும்.