மூன்றாவது கோப்பை

போதை மீட்பு வார்டில் நாள் முழுக்கக் கேட்பதையே இரவில் நாவலிலும் படிப்பானேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த புத்தகம், டக்ளஸ் ஸ்டூவர்ட் எழுதிய 'ஷகி பெயின்'. 2020-இல் புக்கர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1980-களில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். சுரங்கங்கள் மூடி, ஆண்கள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த காலம். இங்கே குடிப்பது அம்மா ஆக்னஸ். அவளைப் பார்த்துக்கொள்வது கடைக்குட்டி ஷகி. கிளாஸ்கோ பேச்சுவழக்கு பிடிபடக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஓர் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அம்மாவின் படுக்கையருகே பையன் மூன்று கோப்பைகளை வைக்கிறான். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் பால். மூன்றாவதில், வீடு முழுக்கத் தேடி எடுத்த மிச்ச பீரையெல்லாம் ஊற்றி, முள்கரண்டியால் நுரைக்க அடித்திருக்கிறான். அவள் கை முதலில் எதற்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

நாங்கள் வித்ட்ராயல் என்று சொல்வதை அந்தப் பிள்ளை பார்த்தே கற்றிருக்கிறது. பல வருடம் குடித்த உடம்பில் மது நின்ற சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. உயிரே போகலாம். "ரூம்ல போட்டுப் பூட்டிட்டோம் டாக்டர், ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்" என்று போனில் சொல்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பூட்டாதீர்கள், கூட்டி வாருங்கள். படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் இருக்கின்றன.

ஆக்னஸ் நடுவில் குடியை விட்டு நன்றாகவே இருக்கிறாள். அவளை விரும்பும் யூஜின், சாப்பிடப் போன இடத்தில் ஒரு கிளாஸ் குடித்தால் என்ன என்று வற்புறுத்துகிறான். கெட்டவன் இல்லை. அவள் 'சாதாரணமாக' இருக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கல்யாண வீட்டில் "ஒரு பெக்தானே மாப்ளே" என்று ஊற்றிக் கொடுக்கிறவரும் கெட்டவர் இல்லை. மறுபடி அட்மிஷன் போடுவது மட்டும் எங்கள் வேலையாகிவிடுகிறது.

இன்னொன்று, எவ்வளவு குடித்தாலும் ஆக்னஸ் தலைவாரி, லிப்ஸ்டிக் போட்டு, நல்ல கோட் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். ஓபியில் இப்படி நேர்த்தியாக வந்த பெண்களிடம் குடியைப் பற்றிக் கேட்காமலே தூக்க மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறேன். தப்புதான்.

முன்பெல்லாம் மனைவியிடமோ கணவனிடமோ விசாரிப்பதோடு சரி. இப்போது, பிள்ளை பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறதா, ராத்திரி தூங்குகிறதா என்றும் கேட்கிறேன். போன மாதம் ஒருவரை அட்மிட் செய்தபோது கூட வந்திருந்த மகளுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா யோசித்தார். பதில் சிறுமியிடமிருந்து வந்தது.

"ஆறு மணிக்குக் கை ஆட ஆரம்பிக்கும். நான் அஞ்சரைக்கே எந்திரிச்சிருவேன்."